‘2015-ல தண்ணி வந்துச்சா?’: வீடு விற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் வீடு வாங்கப் போகிறவர்கள் எழுதுவது. எந்தப் பத்திரத்தைப் பார்க்கணும், எவ்வளவு முன்பணம் தரலாம் என்று கேட்பார்கள். இந்த முறை விற்கிறவர்கள் எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கடனுக்காக வங்கிகள் அனுப்பும் பத்திரங்களைப் படித்து, வில்லங்கம் உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். தாம்பரத்தில் அலுவலகம். வாங்குகிறவரின் வக்கீல் என்னவெல்லாம் கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தாம்பரம் பக்கத்தில் பல நேரம் அந்த வக்கீலே நான்தான்.

முடிச்சூரில் எங்கள் வீடு. 1999-இல் கட்டியது, மேலே ஒரு மாடி. 2015 டிசம்பரில் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். 2021-இல் வாசற்படி வரை வந்து வடிந்துவிட்டது. 2023 புயலில் தெருவோடு சரி. இப்போது விற்றுவிட்டு மகனோடு பெங்களூருவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, ‘2015-ல தண்ணி வந்துச்சா?’ என்கிறார்கள். ‘தெருவுல வந்துச்சு, வீட்டுக்குள்ள வரலைன்னு சொல்லுங்கம்மா’ என்கிறார் புரோக்கர். அப்படிச் சொல்லலாமா?
*வாசகி, முடிச்சூர்*

சொல்லாதீர்கள். புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டைக் காட்டப் போய்விடுவார். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாதவரை விற்பவருக்கு என்னென்ன கடமை என்று அதில் இருக்கிறது. தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத பெரிய குறை ஏதாவது இருந்தால் சொல்லிவிட வேண்டும். கேட்டால் பத்திரங்களைக் காட்ட வேண்டும். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். குறையை மறைத்தால் அது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது.

வெள்ளம் வந்ததை யாரும் கேட்காமல் நாமாகச் சொல்ல வேண்டுமா? முடிச்சூரில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியுமே என்று ஒரு வக்கீல் வாதாடலாம், அது வேறு, உங்கள் கூடத்துக்குள் வந்தது வேறு என்று இன்னொருவர் வாதாடலாம். ஆனால் உங்களிடம் கேட்டேவிட்டார்கள். கேட்ட பிறகு ‘வரலை’ என்று சொன்னால் வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

அதுவும் போக, இது மறைக்கிற விஷயமே இல்லை. மீட்டர் பெட்டியை மேலே ஏற்றியிருப்பீர்கள். பழைய பெட்டி இருந்த இடத்தில் பூசிய சிமென்ட், எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் சதுரமாகத் தனியே தெரியும். மரக்கதவின் அடிப்பாகம் ஊதி, சாத்தும்போது தரையில் உரசும். கட்டிலுக்கடியில் கிடக்கும் தையல் மெஷினின் இரும்புக் காலில் துரு ஒரு மட்டத்தோடு நின்றிருக்கும். இதையெல்லாம் பார்க்கத் தெரியாதவர்கூட தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்த வீட்டில் எந்த ஜன்னல் வரை வந்தது என்று கை காட்டிச் சொல்வார்.

முடிச்சூரில், வரதராஜபுரத்தில், வேளச்சேரியில் வீடு தேடுகிற யாரும் வெள்ளம் தெரியாமல் வருவதில்லை. தெரிந்துதான் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கிறார். தண்ணீரில் பொய் சொன்னவர் பத்திரத்தில் எதை மறைத்தாரோ என்ற சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் நல்ல பத்திரத்தைக் காட்டினாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

கேட்டால் மூன்று வருஷத்தையும் நீங்களே வரிசையாகச் சொல்லிவிடுங்கள். ‘2015-இல் இடுப்பளவு, 2021-இல் வாசற்படி, 2023-இல் தெரு.’ எத்தனை நாள் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு செய்த வேலையைச் சொல்லுங்கள்: ஒயரிங் மாற்றியது, சம்ப்பின் வாயை உயர்த்திக் கட்டியது, கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி போட்டது. பில் இருந்தால் எடுத்து வையுங்கள். அப்போது போனில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்கள் தெருவில் எல்லோரிடமும் அதே படம் இருக்கும். அடையாற்றை அகலப்படுத்தினார்களே என்று அவர் கேட்டால், 2023-இல் உங்கள் தெருவில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். ‘இனிமே வரவே வராது’ என்று உத்தரவாதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வருகிற மழைக்கு யாரும் ஜாமீன் போட முடியாது.

இன்னொரு கேள்வியும் வரும். ‘முன்னே எத்தனை படி இருந்துச்சு?’ ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. நான்கு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். ரோட்டு மட்டத்துக்கும் கூடத்துத் தரைக்கும் இப்போது எவ்வளவு வித்தியாசம் என்று கொத்தனாரிடம் டியூப் லெவல் வைத்து அளந்து குறித்து வையுங்கள்.

விலை குறையுமா என்று கேட்பீர்கள். குறைத்துத்தான் கேட்பார்கள். ஆனால் முதல் நாளே தெரிந்து குறைத்துக் கேட்பவர் பேசிய விலைக்கு வாங்குவார். முன்பணம் கொடுத்தபிறகு தெரிந்துகொண்டவர் பேசிய விலையிலிருந்தும் குறைப்பார், பத்திரம் போடும் அன்றைக்கு இன்னொரு முறையும் குறைப்பார்.

ஸ்ரீரங்கத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் இல்லை. அப்பா 2009-இலும் அம்மா 2016-இலும் காலமானார்கள். நான், தம்பி, தங்கை என மூன்று பேர். தங்கை 2020-இல் இறந்துவிட்டாள். அவளுக்குக் கணவரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு, சின்னவன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். இத்தனை வருஷமாக வீட்டு வரி கட்டுவது நான், பட்டாவும் என் பெயரில். வாங்க வந்தவரின் வக்கீல் வாரிசுச் சான்று கேட்கிறார், தங்கை குடும்பத்துக் கையெழுத்து கேட்கிறார், 30 வருஷ வில்லங்கம் கேட்கிறார். இத்தனைக்கும் நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?
*வாசகர், திருச்சி*

ஐயா, அந்த வக்கீலின் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதில் உங்கள் பெயர் இருப்பதால் மட்டும் வீடு முழுக்க உங்களுக்கு வந்துவிடாது. வரி ரசீதும் அப்படித்தான். வரி கட்டியது நீங்கள் என்பதை ரசீது காட்டும், வீடு உங்களுடையது என்று அது சொல்லாது. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது. கல்யாணம் ஆகிப் போனவள் என்பதும் கணக்கில் வராது. அம்மாவும் காலமான பிறகு உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தங்கையின் பங்கு அவர் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போயிருக்கிறது, ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. (அப்பாவின் தாயார், அதாவது உங்கள் பாட்டி, 2009-இல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வக்கீல் அதையும் கேட்பார். பாட்டியின் இறப்புச் சான்றைத் தேடி வையுங்கள்.)

இங்கே சிக்கல் சின்னவன்தான். மைனர் பிள்ளையின் பங்கைப் பெற்ற தகப்பன்கூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால், பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்துகொள்ளலாம். ‘மச்சான் கையெழுத்துப் போட்டா போதாதா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. ப்ளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு 16, 17 இருக்கும். நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க ஆகும் காலத்தையும் அவனுக்கு 18 முடிய இருக்கும் மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரம் இல்லையென்றால் காத்திருந்து, அவனே கையெழுத்துப் போடும்படி வைத்துக்கொள்வது சுலபம். அதையே வாங்குபவரிடமும் சொல்லுங்கள். ‘சின்னவனுக்கு இன்ன மாதம் 18 முடிகிறது, அதற்குப் பிறகுதான் பத்திரம்’ என்று முதலிலேயே சொன்னால், காத்திருக்க முடிந்தவர் மட்டும் மேலே பேசுவார்.

இப்போது செய்ய வேண்டியது, அப்பா, அம்மா, தங்கை என மூன்று பேருக்கும் தனித்தனியாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்குவது. வாரிசுச் சான்று வட்டாட்சியர் கொடுப்பது. அதில் பெயருக்குப் பெயர் எழுத்தைச் சரிபாருங்கள். பத்திரத்தில் ‘ராமஸாமி’, ஆதாரில் ‘ராமசாமி’, இறப்புச் சான்றில் இனிஷியலோடு ‘ராமஸ்வாமி’ என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு இன்னொரு சான்று தேட வேண்டிவரும். அடுத்து அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், அவருக்கு விற்றவரின் தாய்ப்பத்திரம் (அதாவது, விற்றவருக்கு வீடு எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய பத்திரம்). வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். அதில் நீங்கள் எதிர்பாராத ஒரு வரி இருந்தால், வாங்குபவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறேன். வாங்குபவரை அழைத்து வருவதற்கு முன்னால் மச்சானையும் பிள்ளைகளையும் நேரில் போய்ப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸ் மூலமாக அவர்களுக்கு விஷயம் தெரியவந்தால், கையெழுத்துக்கு வேறு விலை ஆகும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு காம்பவுண்டு சுவர் தகராறு. ஒன்றரை அடி எங்கள் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் வரை போய், சமாதானமாகி, மறுபடி ஆரம்பித்து... வெறுத்துப்போய் விற்கிறேன். ‘ஏன் சார் விக்கிறீங்க?’ என்று கேட்டால் உண்மையைச் சொன்னால் ஓடிவிடுவார்களே?
*வாசகர், கோவை*

ஏன் விற்கிறீர்கள் என்பது உங்கள் சொந்த விஷயம். மகள் கல்யாணம், கடன், மூட்டுவலிக்காரருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, எதுவாகவும் இருக்கலாம். ‘குடும்பக் காரணம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம். அதேபோல, கடைசியாக எந்த விலைக்கு இறங்குவீர்கள், பணம் எப்போதைக்குள் வேண்டும் என்பதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் வாய் தவறி உளறிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சுவர் அப்படியில்லை. ஒன்றரை அடி என்பது நிலம். நீங்கள் விற்கப்போகும் பத்திரத்தில் நான்கு பக்கமும் எத்தனை அடி என்று எழுதுவீர்களே, அதில் ஒரு பக்கம் இடத்தில் இல்லை. வாங்குபவர் டேப் பிடித்த நிமிஷம் தெரிந்துவிடும். சர்வேயருக்குக் கட்டணம் கட்டி அளக்கச் சொல்லுங்கள், புல வரைபடத்தையும் வாங்கி வையுங்கள். அளந்ததில் ஒன்றரை அடி போயிருக்கிறது என்று வந்தால் இரண்டு வழி உண்டு. இப்போது கையில் இருக்கும் அளவைச் சொல்லி அதற்கு விலை பேசலாம், அல்லது பக்கத்து வீட்டுக்காரரோடு எழுத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு விற்கலாம். கோர்ட்டில் வழக்கு ஏதாவது இருந்தால் எண்ணோடு சொல்லிவிடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அதை மறைத்து விற்றால் தகராறு உங்களை விட்டுப் போகாது, கூட ஒரு ஆள் சேர்ந்துகொள்வார்.

வீட்டுக்கடன் இன்னும் 11 லட்சம் பாக்கி. ஒரிஜினல் பத்திரம் வங்கியில். ‘ஒரிஜினலைப் பார்க்காம அட்வான்ஸ் எப்படித் தர்றது?’ என்கிறார்கள். அட்வான்ஸ் வந்தால்தான் கடனை அடைக்க முடியும். எப்படிப் புரிய வைப்பது?
*வாசகி, சேலம்*

புரிய வைப்பதற்குக் காகிதம் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. வங்கிக்குப் போய் இரண்டு கடிதம் கேளுங்கள். ஒன்று, அவர்களிடம் உங்களுடைய என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்ற பட்டியல். இன்னொன்று, இன்ன தேதியில் கணக்கை முடித்தால் கட்ட வேண்டிய மொத்தத் தொகை. இரண்டும் வங்கியின் முத்திரையோடு இருந்தால், ‘ஒரிஜினல் எங்கே?’ என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் வந்துவிட்டது. கிளைக்கே வந்து ஒரிஜினலைப் பார்க்க முடியுமா என்றும் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள், சில கிளைகளில் அனுமதிக்கிறார்கள்.

வாங்குபவரின் பயம் நியாயமானது. பணத்தைக் கொடுத்து, நீங்கள் கடனை அடைக்காமல் விட்டால்? அதனால் முன்பணத்தில் 11 லட்சத்தை உங்கள் பெயரில் வாங்காதீர்கள். கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு வங்கியின் பெயரிலேயே டிராஃப்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அவரும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார் என்றால், அவருடைய வங்கியே உங்கள் வங்கிக்கு நேரடியாகக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

கடன் முடிந்த பிறகு பத்திரம் எப்போது கைக்கு வரும் என்று கேட்பார். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் ஒரிஜினல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்புறம் முக்கியமான ஒன்று. கடன் வாங்கியபோது பத்திரத்தை ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால், வில்லங்கச் சான்றில் அந்த வரி நிற்கும். கடனை அடைத்துவிட்டாலும் அது தானாகப் போகாது. கடன் தீர்ந்தது என்று வங்கியிடம் ரசீது ஆவணம் வாங்கிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் கடனை முடித்துவிட்டு, ரசீது பதியாமலே விட்டு, விற்கும் நேரத்தில் பழைய கிளையைத் தேடி அலைகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

தரைத்தளத்துக்கு மட்டும் பிளான் அப்ரூவல். மேல்மாடி 2008-இல் கட்டியது, அனுமதி வாங்கவில்லை. ஆனால் மாநகராட்சி மேல்மாடிக்கும் சேர்த்துத்தான் வரி வாங்குகிறது. இதைச் சொல்ல வேண்டுமா?
*வாசகர், மதுரை*

வரி வாங்குவதும் அனுமதி கொடுப்பதும் வேறு வேறு. கட்டிடம் இருந்தால் வரி போடுவார்கள், அதற்காக அனுமதி கொடுத்துவிட்டதாக ஆகாது.

நீங்கள் சொல்லாவிட்டாலும் வாங்குபவரின் வங்கி இன்ஜினீயர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். அவர் எழுதும் அறிக்கையில் மேல்மாடி ‘அனுமதியற்றது’ என்று வந்தால், பல வங்கிகள் அந்தப் பகுதிக்கு மதிப்புப் போடாது. 60 லட்சத்துக்குப் பேசிவிட்டு, 35 லட்சம் மதிப்புக்குத்தான் கடன் என்றால் மீதிக்கு அவர் எங்கே போவார்? பேச்சு அத்தோடு முறிந்துவிடும். முதலிலேயே சொன்னால், கையில் பணம் வைத்திருப்பவர் வருவார், அல்லது கடனை அதற்கேற்பத் திட்டமிடுபவர் வருவார். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, வரைபடத்துக்கும் கட்டிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வாங்குங்கள், மேல்மாடிக்கு இப்போது அனுமதி பெற வழி உண்டா என்றும் கேளுங்கள். பக்கவாட்டில் காலியிடம் விட்டிருந்தால் ஒரு பதில் வரும், சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் வேறு பதில் வரும்.

‘வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை கையில குடுத்துடறேன், உங்களுக்கும் வரி மிச்சம்’ என்கிறார் வாங்க வந்தவர். நல்ல மனிதராகத் தெரிகிறார். என்ன சொல்வது?
*வாசகி, குரோம்பேட்டை*

‘செக்கில் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள்.

வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு. அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. 2023 ஏப்ரலிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 100-க்கு 9 ரூபாய். விலையைக் குறைத்துக் காட்டினால் அதில் அவருக்கு மிச்சம். உங்களுக்கு என்ன? வீடு, நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது, முன்பணமும் அதில் சேர்த்தி. வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட இடமுண்டு. அபராதம் உங்களுக்கு, அவருக்கு இல்லை. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறியதாக வழக்கிலோ பத்திரத்திலோ தெரியவந்தால் வருமானவரித் துறைக்குத் தகவல் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது.

‘வரி மிச்சம்’ என்று அவர் சொல்வதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் உங்களிடம் இருந்த வீடு என்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இந்தியாவிலேயே வசிப்பவர்கள் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடு என்றால், அடக்கவிலையாக 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட கடன்பத்திரங்களில் போடலாம், ஆனால் ஐந்து வருஷம் கைவைக்க முடியாது. ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால், நீங்கள் கட்ட வேண்டியது பயந்த அளவுக்கு இல்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். இன்று 40 லட்சம் என்று பத்திரம் போட்டால், நாளை அவர் விற்கும்போது அடக்கவிலை 40 லட்சம்தான். இன்று கையில் கொடுத்த 30 லட்சமும் அன்று அவருடைய லாபமாகக் கணக்கில் வந்து நிற்கும். வங்கிக் கடன் வாங்குகிறவர் என்றால், கடனும் பத்திர மதிப்பை ஒட்டித்தான் வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் உங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அதைச் செய்தாரா என்று பத்திரத்தன்றே கேளுங்கள்.

ஓசூரில் மகன் பெயரில் ஃபிளாட். அவன் சிங்கப்பூரில், எனக்குப் பவர் கொடுத்திருக்கிறான். வாங்க வந்தவர், ‘உங்க பையன் உயிரோட இருக்கார்ங்கறதுக்கு சர்டிபிகேட் இருக்கா?’ என்று கேட்டார். கோபத்தில் வெளியே அனுப்பிவிட்டேன்.
*வாசகர், ஓசூர்*

திரும்பக் கூப்பிடுங்கள், பாவம். அவர் அபசகுனமாகப் பேசவில்லை. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் அதோடு முடிந்தது. அதனால்தான் தமிழ்நாட்டில் பவரை வைத்துக் கிரயம் பதியும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற வாழ்நாள் சான்றைச் சார்பதிவாளரே கேட்பார். இவர் முன்கூட்டியே கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

பவர் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தானதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா, விற்கவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்குபவரோடு மகன் வீடியோவில் ஐந்து நிமிஷம் பேசினால் பாதிச் சந்தேகம் தீரும். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மகன் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் மேலே சொன்ன 1 சதவீதக் கணக்கு இங்கே பொருந்தாது. பிடித்தம் அதைவிட அதிகம், 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. குறைத்துப் பிடிக்க வருமானவரி அதிகாரியிடம் மகன் சான்று வாங்கலாம். அதற்கு நாளாகும், இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வீடு பார்க்க யார் வந்தாலும் நானும் என் கணவரும் மாற்றி மாற்றிப் பதில் சொல்கிறோம். அவர் ‘96-ல கட்டினது’ என்கிறார், நான் ‘98’ என்கிறேன். போர்வெல் எத்தனை அடி என்றால் அவர் 120, நான் 180. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள், திரும்பி வருவதில்லை.
*வாசகி, விழுப்புரம்*

இரண்டு பேரும் ஞாபகத்தில் இருந்து பேசுகிறீர்கள். வீடு எந்த வருஷம் என்பதை மின் இணைப்பு கொடுத்த தேதியும் முதல் வீட்டு வரி ரசீதும் சொல்லிவிடும், தேடிப் பிடியுங்கள். போரின் ஆழத்துக்குப் போட்டவரின் பழைய பில் இல்லையென்றால், மோட்டாரை வெளியே எடுக்கும் அடுத்த முறை குழாய் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதுவரை ‘சரியாத் தெரியலை, பார்த்துச் சொல்றோம்’ என்பதே சரியான பதில், அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. தண்ணீர் உப்பா என்று கேட்டால் பதிலே வேண்டாம், போர்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுங்கள், வாயில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

மற்ற கேள்விகளுக்கு உங்களில் ஒருவர் மட்டும் பேசுங்கள். யார் என்பதை வந்தவர் காலிங் பெல் அடிப்பதற்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொருவர் காபி போடலாம்.